ஒரு நாளைக்கு ஒரு தீவு



பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடுகிறது. மாமி மருமகள் மனக்கசப்பு, பிள்ளையின் படிப்பு, மாதக் கடைசிச் செலவு எல்லாம் சற்று ஒதுங்கிக்கொள்ள, "எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. இந்த மாதம் ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார்:

"நாங்கள் ஆறு பேர். எட்டு நாள் இலங்கைப் பயணம். கொழும்பில் இரண்டு நாள், கண்டியில் இரண்டு, நுவரெலியாவில் ஒன்று, கடைசியாக யாழ்ப்பாணத்தில் மூன்று. அதில் ஒரு நாளை ஒதுக்கி ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றையும் பார்த்துவிட நினைக்கிறோம். மாமிக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கடைக்குட்டிக்கு 5 வயது. முடியுமா?"

முடியாது சகோதரி. முடிந்தாலும் வேண்டாம்!

மனம் வருந்தாதீர்கள். இதே தவற்றை நானும் செய்தவள். மூன்றுகூட இல்லை, இரண்டு தீவுகளுக்கு ஆசைப்பட்டே ஒரு முழு நாளைத் தொலைத்தவள். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போகும் படகும் வரும் படகும்

2016-ஆம் ஆண்டு. என் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி, நான். காலையில் நயினாதீவு, மதியம் நெடுந்தீவு, இரவு யாழ்ப்பாணம் திரும்பி, விடிந்ததும் கண்டிக்கு வண்டி ஏறுவது என்று திட்டம். தாளில் எழுதிப் பார்க்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தது!

நாங்கள் போனது ஒரு பௌர்ணமி நாள். இலங்கையில் பௌர்ணமியைப் 'போயா' என்பார்கள். நாடு முழுவதும் அரசு விடுமுறை. தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக யாத்திரிகர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். படகுத்துறையில் வரிசை நீண்டு கிடந்தது. நயினாதீவுக்குப் போய்த் திரும்புவதற்குள் உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. மாமியின் கால் வீங்கிவிட்டது. சின்னவன் அழுது ஓய்ந்து தோளில் தூங்கிவிட்டான்.

அப்போதும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. நெடுந்தீவுக்கு ஒரு படகு புறப்படத் தயாராக நின்றது. ஓடிப்போய் ஏறப் பார்த்தோம். துறையில் உட்கார்ந்து வலை பின்னிக் கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் பைகளையும் மாமியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, ராவைக்கு அங்கே ஆற்றை வீட்டிலே தங்கப் போறீங்கள்?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். பிற்பகலில் நெடுந்தீவுக்குப் போகும் அந்தப் படகு எங்களைப் போன்றவர்களுக்கானது அல்ல. காலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்து வங்கி, மருத்துவமனை, சந்தை என்று வேலை முடித்த தீவுக்காரர்களை வீடு கொண்டு சேர்க்கும் படகு. போய்ச் சேர்ந்தால் அன்று திரும்பி வர வேறு படகு கிடையாது.

"தீவுக்குப் போறதெண்டால் போற படகைப் பார்க்கக் கூடாது பிள்ளை. வாற படகைத்தான் முதலிலே பார்க்கோணும்."

அந்த ஒரு வார்த்தையை எந்தப் பயண நூலிலும் நான் படித்ததில்லை. அன்று நெடுந்தீவையும் பார்க்கவில்லை. நயினாதீவையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. வரிசையும் வெயிலும்தான் நினைவில் நிற்கின்றன. 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று சும்மாவா சொன்னார்கள்!

வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

தீவு என்றதும் எல்லாமே நடுக்கடலில் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே சிதறிக் கிடக்கும் இந்தப் பகுதியைத் 'தீவகம்' என்று சொல்வார்கள். யாழ்ப்பாண நகரின் பண்ணையிலிருந்து கடலின் நடுவே போடப்பட்ட சாலை வழியாகவே வேலணைத் தீவுக்குப் போய்விடலாம். அந்தத் தீவின் வடமேற்கு முனையில் இருக்கும் துறைமுக ஊர்தான் ஊர்காவற்றுறை. வேலணையிலிருந்து இன்னொரு கடற்சாலை புங்குடுதீவுக்குப் போகிறது. புங்குடுதீவின் மேற்கு ஓரத்தில் குறிகட்டுவான் படகுத்துறை. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

குறிகட்டுவானில்தான் நிலம் முடிந்து படகு தொடங்குகிறது. நயினாதீவுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். அலை இருந்தால் அதற்கும் மேல். நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்கு நாளொன்றுக்குச் சில படகுகள்தாம்.

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ராட்டர்டாம்! அவற்றில் இன்றும் பேச்சில் நிலைத்திருப்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் ஒன்றுதான்.

இப்போது மூன்று ஊர்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எது சிறந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. எது யாருக்கு ஏற்றது என்று மட்டும் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறை: முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு

இங்கே போகப் படகுக் கவலையே இல்லை. வீட்டு வாசலில் ஏறிய வண்டி துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். 'கைட்ஸ்' என்ற பெயர் துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைக் காடுகளில் பிடித்த யானைகளை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய துறை இது.

அதற்கும் வெகு காலம் முன்பே இதன் புகழ் பரவியிருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த ஒரு தமிழ்க் கல்வெட்டு நயினாதீவுக் கோயிலில் இருக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் முதலில் ஊர்காவற்றுறைக்கு வந்து சேர வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்குதான் அரசுக்கு, மற்றது உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்து கரை ஒதுங்கும் அந்நியனின் பொருளுக்கும் கணக்கு வைத்த துறை! கடல் வணிகத்தோடு பிழைத்த கீழக்கரை, காயல்பட்டினம் குடும்பங்களில் பிறந்த நம் வாசகர்களுக்கு இந்தச் செய்தி தனிச் சுவை தரும்.

தமிழாராய்ச்சிக்கு உலக மேடை அமைத்துக் கொடுத்த தனிநாயகம் அடிகளார் 1913-இல் பிறந்தது இவ்வூரை அடுத்த கரம்பொன்னில். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்நின்றவர் அவர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள்.

துறையில் நின்று பார்த்தால் கடலுக்குள் ஒரு கோட்டை மிதப்பது போலத் தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய ஹம்மன்ஹீல் கோட்டை அது. உள்ளே இருந்தவர்கள் குடிநீர் இல்லாமல் போய்த்தான் சரணடைந்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. தண்ணீர்ப் போத்தலை அறையில் மறந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை!

ஊர்காவற்றுறையிலிருந்து எதிர்க்கரையான காரைநகருக்கு வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை ஒன்று உண்டு. அங்குள்ளவர்கள் அதைப் 'பாதை' என்றே சொல்வார்கள். பாதையில் ஏறிக் கடந்தால் காரைநகர். அங்கே அலை குறைந்த, ஆழமில்லாத கசூரினா கடற்கரை. பிறகு பொன்னாலைக் கடற்சாலை வழியாக யாழ்ப்பாணம். போன வழியே திரும்பாமல் ஒரு சுற்று முடிந்துவிடும். பாதை பழுது என்றும் காற்று என்றும் அவ்வப்போது நிற்பதுண்டு, காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நின்றாலும் நட்டமில்லை. வந்த சாலை இருக்கவே இருக்கிறது.

நயினாதீவு: கூட்டத்தைத் தாங்குகிறவர்களுக்கு

நான்கு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள சின்னஞ்சிறு தீவு. ஆனால் நாடே திரண்டு வருகிற தீவு. ஒரு பக்கம் நாகபூஷணி அம்மன் கோயில். போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டு 1788-இல் மீண்டும் எழுந்தது. நடந்துபோகும் தூரத்தில் நாகதீப விகாரை. நாக அரசர்கள் இருவருக்குள் ஒரு மணி ஆசனத்துக்காக மூண்ட சண்டையைத் தீர்க்கப் புத்தர் இங்கே வந்தார் என்று மகாவம்சம் கூறுகிறது. மாமனும் மருமகனும் ஆசனத்துக்குச் சண்டை! குடும்பப் பத்திரிகையில் இதற்குமேல் விளக்கம் எதற்கு?

நமக்கு அங்கே வழிபாடு இல்லை. ஆனால் மரியாதை உண்டு. ஒரே சின்னத் தீவில் தமிழ்ப் பக்தரும் சிங்கள யாத்திரிகரும் ஒரே படகில் முட்டி மோதி வந்து இறங்கி, அவரவர் வழியே பிரிந்து போவதைப் பார்ப்பதே ஒரு பாடம். கோயில் வளாகத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள். உள்ளே போக விருப்பமில்லாதவர்கள் கடற்கரைத் தெருவில் நடக்கலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

போயா நாளையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் கோயில் திருவிழா நடக்கும்; அப்போது படகில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. மற்ற வார நாட்களில் காலையில் போனால் மதியத்துக்குள் நிம்மதியாகத் திரும்பிவிடலாம்.

நெடுந்தீவு: முழு நாளும் நல்ல உடம்பும் உள்ளவர்களுக்கு

மூன்றிலும் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். அதனால்தான் இதில் அதிகமாக எச்சரிக்கிறேன். ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரப்பு. மாவிலித்துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மதில்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள், வீட்டுக்கு வீடு, வயலுக்கு வயல். தென்புற வெளியில் கட்டைக் குதிரைகள் கூட்டமாக மேயும். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வாரிசுகள் அவை. இன்று அவற்றுக்கு எசமானர் கிடையாது. கடும் வறட்சியில் தண்ணீரின்றி அவை மடிவதும் உண்டு. பவளக்கல்லால் கட்டிய பழைய ஒல்லாந்தக் கோட்டையின் இடிபாடு, தகவல் கொண்டுபோகும் புறாக்களை வளர்த்த கூடு, உள்ளே ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த பெருக்கமரம்... பெருக்கமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இவை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. துறையில் முச்சக்கர வண்டி பேசிக்கொள்ள வேண்டும். நிழல் குறைவு. நல்ல தண்ணீருக்குத் தீவுக்காரர்களே பாடுபடுகிறார்கள். ஆகவே உங்கள் தண்ணீரை நீங்களே சுமந்து போங்கள், அவர்கள் குடத்தைக் காலி செய்யாதீர்கள். காலையின் முதல் படகுகளில் ஒன்றில் போய், திரும்பும் படகின் நேரத்தைத் துறையிலேயே இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே ஊருக்குள் நடக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் கடலில் 'குமுதினி' என்ற படகின் பெயரைக் கேட்பீர்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் பயணம் செய்த அப்பாவி மக்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உங்களுக்கு இது ஒரு நாள் உல்லாசம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இது அவர் உறவுகள் போய் வந்த கடல். படகில் சிரியுங்கள், பேசுங்கள். கூச்சலும் பாட்டும் மட்டும் வேண்டாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெரிய நகரங்களை வைத்துப் பயணம் போடுகிறவர்கள் நடுவில் ஒரு சிற்றூரைச் சேர்க்கும்போது இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத் தீவுகளுக்கு மட்டுமல்ல, எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முதல் கேள்வி: குடும்பத்தில் மிகவும் மெதுவாக நடப்பவர் யார்? அவருக்கு ஏற்ற ஊரையே தேர்ந்தெடுங்கள். ஓடக்கூடியவர் மெதுவாக நடக்கலாம்; நடக்கமுடியாதவர் ஓட முடியாது. மாமியைக் கரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் தீவைப் பார்த்து வருவது குடும்பப் பயணமாகாது.

இரண்டாவது: திரும்பி வருவது எப்போது, எதில்? இதற்கு உறுதியான பதில் கிடைக்காத ஊரை, மறுநாள் விமானமோ ரயிலோ இருக்கும்போது தொடவே கூடாது. தீவுக்கான நாளைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். நடு நாளில் வையுங்கள். காற்று எழுந்து படகு நின்றுவிட்டாலும் மறுநாள் கையில் இருக்கும்.

மூன்றாவது: அது எந்தக் காலம்? வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வலுக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு மழை. தை பிறந்த பிறகு சித்திரை வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நம் முழு ஆண்டு விடுமுறையின் தொடக்கம் இதற்குத் தோது. வெயில்தான் சுடும்! மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இதே குறிகட்டுவானிலிருந்து படகுகள் புறப்படும். அந்த நாட்களை விசாரித்துத் தவிருங்கள்.

நான்காவது: நாம் அங்கே எதற்காகப் போகிறோம்? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. படம் எடுக்கவா? போனேன் என்று சொல்லவா? அல்லது அந்த ஊரில் ஒரு பகல் இருந்துவிட்டு வரவா?

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 2019-இல் சென்னை–யாழ்ப்பாணம் விமானம் தொடங்கியது. இடையில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கியது. போரில் அறுந்துபோன கொழும்பு–யாழ்ப்பாணம் ரயில் பாதை 2014-இல் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. எதுவாக இருந்தாலும் புறப்படும் வாரத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உணவுக்குக் கவலை வேண்டாம். யாழ்ப்பாண நகரில் முஸ்லிம் உணவகங்கள் உண்டு. தீவுக்குப் போகும் நாளில் காலையிலேயே இடியப்பமும் சம்பலும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பயணியின் தொழுகைச் சலுகைகளை ஊரில் இருக்கும்போதே ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொண்டால், லுஹர் நேரத்தில் படகுத்துறையில் நின்று தடுமாற வேண்டியதில்லை. ஒரு விரிப்பும், ஒளுவுக்குத் தனியாக ஒரு போத்தல் தண்ணீரும் போதும். படகில் பாதுகாப்புச் சட்டை கொடுத்தால் வெட்கப்படாமல் அணியுங்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஒரு சேலையின் பாக்கி

நான்காவது கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது 2023-இல், இரண்டாவது முறை போனபோது.

என் சாச்சியின் மகளைப் புத்தளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சானின் பூர்வீகம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டே மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டபோது அவருக்கு 11 வயது. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோர் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் போய் ஒதுங்கியது புத்தளத்தில். 2009-இல் போர் முடிந்த பிறகு சிலர் திரும்பினார்கள். உஸ்மானியா கல்லூரியில் மறுபடி மணி அடிக்கிறது. மச்சானின் வாப்பா திரும்பவில்லை. புத்தளத்து மண்ணிலேயே அடங்கிவிட்டார்.

எல்லாரும் சேர்ந்து யாழ்ப்பாணம் போனோம். ஒரு நாள் மிச்சம் இருந்தது. பிள்ளைகள் நெடுந்தீவுக் குதிரை என்றார்கள். மாமியின் காலை நினைத்து நான் தயங்கினேன். மச்சான் மெதுவாகச் சொன்னார்: "ஊர்காவற்றுறைக்குப் போவோமா? வாப்பா சைக்கிளிலே துணி கொண்டுபோய் விற்ற ஊர்."

போனோம். அவசரமே இல்லை, பிடிக்க வேண்டிய படகு இல்லை. துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேநீர்க் கடை. மாமி உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க மனமில்லை. அரை மணி நேரம் பேச்சு. கடைக்கார மகனின் தாயார், 70 வயதுக்கு மேல் இருக்கும், எங்கள் முக்காட்டைப் பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மச்சான் தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னார். சைக்கிள், பின்னால் கட்டிய துணி மூட்டை, வெள்ளைத் தொப்பி.

அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஓம். எனக்கு அவரைத் தெரியும். ஒரு சேலைக் காசு நான் அவருக்குக் குடுக்கோணும். ஆவணியிலே நாங்கள் ஓடினம். ஐப்பசியிலே அவையளை ஓட விட்டவை. கணக்கு அப்படியே நிண்டு போச்சு."

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுக்குள் இறங்கியபோது ஊர்காவற்றுறை மக்கள் உடுத்த துணியோடு ஓடியவர்கள். இரண்டு மாதம் கழித்து சோனகத் தெரு ஓடியது. 33 ஆண்டுக்குப் பிறகு அந்த அம்மா உள்ளே போய் ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொண்டுவந்து மச்சானின் கையில் வைத்தார். மச்சான் வாங்க மறுத்தார். "உன்ரை கொப்பற்றை காசு தம்பி, எனக்கு வேண்டாம்," என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கடைசியில் அவர் வாங்கிக்கொண்டார். கடன் என்றால் கொடுக்கிறவருக்கும் ஓர் ஆறுதல் வேண்டும் அல்லவா? அந்தப் பணத்தை அன்று அஸ்ருக்குப் பிறகு யாழ்ப்பாணப் பள்ளிவாசல் உண்டியலில் வாப்பாவின் பேரால் போட்டார்.

அன்று நாங்கள் கோட்டைக்குள் போகவில்லை. குதிரையைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் முகம் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் எட்டு நாள் பயணத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், கண்டியையும் கொழும்பையும் விட்டுவிட்டு, "அந்த ஆச்சி காசு கொடுத்தாரே," என்றுதான் என் மகன் இன்றும் சொல்கிறான்.

அந்தக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்ததால் அல்லவா அது கிடைத்தது? மூன்று தீவு என்று ஓடியிருந்தால் தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போயிருப்போம்.

எங்கள் கீழக்கரைக்கும் கார்கள் வருகின்றன. ராமேஸ்வரம் போகும் வழியில் பழைய ஜும்ஆப் பள்ளியின் முன்னால் நின்று, இறங்காமலேயே படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடைவாசலில் நிற்கும் எங்கள் காக்காமார்கள், "ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாமே," என்று சொல்லிக்கொள்வார்கள். சின்ன ஊர்க்காரர்களின் மனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே சகோதரி, உங்களுக்கு என் பதில் இதுதான். மாமியும் ஐந்து வயதுப் பிள்ளையும் உடன் வருவதால் ஊர்காவற்றுறையைத் தேர்ந்தெடுங்கள். பாதை ஓடினால் காரைநகர் வழியாகத் திரும்புங்கள். மூன்று நாளில் நடு நாளை இதற்கு வையுங்கள். நயினாதீவுக்கு மனம் இழுத்தால், மூன்றாம் நாள் காலையில், அது போயாவாகவோ வார இறுதியாகவோ இல்லாவிட்டால், மாமியைக் கேட்டுவிட்டுப் போய் வாருங்கள். நெடுந்தீவை இந்தமுறை விட்டுவிடுங்கள். கடைக்குட்டி வளரட்டும். அந்தக் குதிரைகளும் பவளக்கல் மதில்களும் அவனுக்காகக் காத்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.

போய் வந்த பிறகு எழுதுங்கள். எத்தனை ஊர் பார்த்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். யாரோடு பேசினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.